டெல்லி கணேஷ்: முகம் பாதி, குரல் மீதி

டெல்லி கணேஷ் பெயரில் மட்டும்தான் டெல்லிக்காரர். 1944 ஆகஸ்ட் 1 அன்று அவர் பிறந்தது வல்லநாட்டில். வெளிமான் சரணாலயத்துக்குப் பேர் போன ஊர் அது. அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தூத்துக்குடி தனி மாவட்டமானபோது அதோடு சேர்ந்துகொண்டது. வீட்டில் வைத்த பெயர் கணேசன். இருபது வயதில், 1964-ல், இந்திய விமானப் படையில் சேர்ந்து பத்தாண்டுகள் பணிபுரிந்தார்.

அந்தப் பணிக்காலத்தில் நடிப்பு ஒட்டிக்கொண்டது தலைநகர் டெல்லியில்தான். அங்கே குடியேறிய தமிழர்கள் நடத்திய தட்சிண பாரத நாடக சபாவில் அவர் மேடையேறினார். பகலில் அரசு அலுவலகம், சாயங்காலம் ஒத்திகை என்று வாழ்ந்தவர்கள் நிறைந்த குழுக்களின் காலம் அது. 1974-ல் விமானப் படையை விட்டுச் சென்னைக்கு வந்தவர் காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவுக்கு எழுதிக்கொண்டிருந்தவர் விசு. அவருடைய ‘பட்டினப் பிரவேசம்’ நாடகத்தைக் கே. பாலசந்தர் 1977-ல் படமாக்கினார். கிராமத்துக் குடும்பம் ஒன்று பட்டணத்துக்குக் குடிபெயர்ந்து சிதறிப்போகும் கதை. அந்தப் படத்தில் திரைக்கு வந்த கணேசனுக்கு ‘டெல்லி கணேஷ்’ என்று பெயர் சூட்டியவரும் பாலசந்தர்தான். தாமிரபரணிப் பக்கத்துப் பிள்ளைக்கு யமுனைக் கரை ஊர் அடைமொழியாக வந்து, கடைசி வரை நிலைத்துவிட்டது.

குணச்சித்திர நடிகர் என்ற சொல்லைத் தமிழில் எல்லோரும் சொல்கிறோம். அந்த வேலை என்னவென்று பெரும்பாலும் யோசிப்பதில்லை. கதாநாயகனின் அப்பா, மாமனார், மானேஜர், வக்கீல், சமையல்காரர் என்று படத்துக்குப் படம் வேறு ஆளாக வரவேண்டும். கதாநாயகனுக்குக் கிடைக்கும் அறிமுகப் பாட்டு குணச்சித்திர நடிகருக்குக் கிடையாது. வந்து நின்ற முதல் வசனத்திலேயே இவர் இன்ன ஊர், இன்ன குடும்பம், கையில் இவ்வளவுதான் காசு என்று பார்வையாளருக்குத் தெரிந்துவிட வேண்டும். ஒப்பனையும் உடையும் இதில் ஓரளவுக்கே உதவும். மீதியைப் பேச்சுதான் செய்யும். டெல்லி கணேஷின் பலம் அங்கேதான் இருந்தது.

துரை இயக்கிய ‘பசி’ (1979) அதற்கு முதல் பெரிய சான்று. சென்னைக் குடிசைப் பகுதியில் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் பெண்ணாக ஷோபா நடித்து தேசிய விருது பெற்ற படம். அவருடைய அப்பாவான ரிக்‌ஷாக்காரர் வேடம் டெல்லி கணேஷுக்கு. நெல்லைச் சீமையில் பிறந்து, டெல்லியில் நாடகம் போட்டவர் மெட்ராஸ் பாஷையில் அந்த மனிதராகவே மாறிப்போனார். தமிழக அரசின் சிறப்புப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

பாலசந்தரின் ‘சிந்து பைரவி’யில் (1985) மிருதங்க வித்துவான் குருமூர்த்தி. குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்ததற்காகப் பாடகர் ஜே.கே.பி.யிடம் அவமானப்படுவார். பின்னால் அதே ஜே.கே.பி. குடிக்கு அடிமையாகும்போது, அந்தப் பழைய காட்சி பார்ப்பவர் மனதில் மறுபடி வந்து நிற்கும். மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987) படத்தில் வேலு நாயக்கரின் நிழல்போல இருக்கும் ஐயர். இந்தி தெரியாத தலைவருக்கும் இந்தி மட்டுமே தெரிந்த பம்பாய்க்காரர்களுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கிற ஆள்.

கமல்ஹாசனோடு அவர் நடித்த நகைச்சுவைப் படங்களைத் தனி வரிசையாகவே பார்க்கலாம். ‘அபூர்வ சகோதரர்க’ளில் (1989) நான்கு வில்லன்களில் ஒருவரான பிரான்சிஸ் அன்பரசு. அடுத்த ஆண்டே ‘மைக்கேல் மதன காம ராஜ’னில் பாலக்காட்டு மணி ஐயர் என்ற சமையல்காரர். ‘அவ்வை சண்முகி’யில் (1996) முதலாளியின் காரியஸ்தர் சேதுராம ஐயர். இவற்றில் மணி ஐயர்தான் உச்சம் என்று தயங்காமல் சொல்லலாம். கிரேசி மோகனின் வசனம் வார்த்தைகளைத் திருப்பிப் போட்டு விளையாடுவது. அரை நொடி தவறினால் சிரிப்பு போய்விடும். அதன்மேல் பாலக்காட்டுத் தமிழின் மலையாள இழுப்பு வேறு. இரண்டையும் சேர்த்துப் பிடித்து, கமலுக்கு ஈடாக வரிக்கு வரி நின்றார். கூர்ந்து பார்த்தால், அவர் ஏற்ற ஐயர்களில் ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சு மாதிரி இருக்காது. பம்பாய் ஐயர் வேறு, பாலக்காட்டு ஐயர் வேறு.

இப்படிப்பட்ட தொண்டையை டப்பிங் துறை விட்டுவைக்குமா? தெரியாத மொழியில் நடிக்க வந்தவருக்கோ, குரல் ஒத்துவராதவருக்கோ வேறொருவர் பேசுவது தென்னிந்தியப் படங்களில் நெடுங்கால வழக்கம். பிலிம் இருந்த காலத்தில் காட்சியைச் சிறு சிறு துண்டாக்கி, நுனியோடு நுனி ஒட்டி, ‘லூப்’ என்ற வளையமாகத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். இருட்டறையில் மைக் முன் நிற்கும் கலைஞர் திரையில் தெரியும் வாயைப் பார்த்தபடி பேசவேண்டும். ப, ம போன்ற எழுத்துகளில் உதடு மூடும். அங்கே குரல் பிசகினால் குட்டு வெளிப்பட்டுவிடும். இரு மொழியும் அறிந்தவருக்கு உதடு ஒன்றும் ஒலி ஒன்றுமாகப் போவதுபோல் எரிச்சல் வேறில்லை.

சிவசங்கரியின் நாவலை வைத்துப் பாலசந்தர் எடுத்த ‘47 நாட்கள்’ (1981) தமிழிலும் தெலுங்கிலும் உருவான படம். ஏற்கெனவே மணமானதை மறைத்து, ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு பாரிசுக்கு அழைத்துப்போகும் கணவனாக அப்போது வளர்ந்துகொண்டிருந்த சிரஞ்சீவி நடித்தார். தமிழில் அவருக்குக் குரல் கொடுத்தவர் டெல்லி கணேஷ். தேனொழுகப் பேசிக் கூட்டிப்போனவன் போகப் போகக் கொடியவனாகும் வேடம். ஆள் முகம் காட்டாமல், அடுத்தவர் உதட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அந்த மாற்றத்தைக் காட்டவேண்டும். அப்பா வேடத்துக்கும் மாமனார் வேடத்துக்கும் அழைக்கப்பட்ட நடிகர், முகம் தெரியாத இடத்தில் இளம் கதாநாயக முகத்துக்குப் பேசினார் என்பது இந்தத் தொழிலின் வேடிக்கைகளில் ஒன்று.

நடிப்பும் குரலுமாக இரட்டைக் குதிரை ஓட்டியவர்கள் தமிழில் வேறு சிலரும் உண்டு. நிழல்கள் ரவி ஒருவர். எம்.எஸ். பாஸ்கர் இன்னொருவர். அவர் ‘பார்க்கிங்’ படத்துக்காக, 2025-ல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருது பெற்றார். இவர்கள் எல்லோரிடமும் நடிப்புக்கு முந்தியோ இணையாகவோ பேச்சுப் பயிற்சி ஒன்று இருக்கிறது. டெல்லி கணேஷுக்கு அது மேடை. கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, ஆனால் கத்தாமல் பேசும் பழக்கம் அங்கே வந்தது.

தமிழக அரசின் கலைமாமணி விருது பெற்றார். தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். மகன் மகாவைக் கதாநாயகனாக்கி ‘என்னுள் ஆயிரம்’ (2016) படத்தைத் தயாரித்தார். அது பெரிதாகப் போகவில்லை. அதே ஆண்டில் வந்த கார்த்திக் நரேனின் ‘துருவங்கள் பதினாறு’ படத்திலும் நடித்தார். புதிய தலைமுறை இயக்குநர்களின் படங்களிலும் அவர் முகம் தொடர்ந்தது. மொத்தம் நானூறு படங்களுக்கு மேல்.

2024 நவம்பர் 9 இரவு சென்னை ராமாபுரம் இல்லத்தில், எண்பதாவது வயதில் காலமானார். இறுதிச் சடங்குக்கு விமானப் படையினர் வந்து மரியாதை செலுத்தினார்கள். அவர் அந்தச் சீருடையைக் கழற்றி அப்போது ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.