சாலை போகாத ஊர்

கிரீட் தீவின் மேற்குப் பகுதியில் இருக்கும் ஹனியா, கிரேக்கத்தின் பழைய நகரங்களில் ஒன்று. கிடோனியா என்ற மினோவர் காலத்து ஊரின் மேலேயே வெனிஸ்காரர்கள் கோட்டையும் துறைமுகமும் கட்டினார்கள். 1645இல் அதைக் கைப்பற்றிய உதுமானியர் துறைமுகத்தின் கரையிலேயே ஒரு மசூதியை எழுப்பினார்கள். 1913இல் தீவு கிரேக்கத்தோடு இணைந்தபோது ஃபிர்காஸ் கோட்டையில் கிரேக்கக் கொடி ஏறியது. இவ்வளவையும் ஒரு காலை நேரத்தில் நடந்தே பார்த்துவிடலாம். அதற்குப் பிறகு வருகிறவர்கள் கையில் எடுப்பது இன்னொரு பட்டியல்: சமரியா மலையிடுக்கு, எலாஃபோனிசி, பாலோஸ், ஃபலசர்னா. கூடவே ஒரு குறையும் எழும். வழி இவ்வளவு சுற்றா? கடல்வரை ஒரு நல்ல சாலை போட்டால் என்ன? போடக் கூடாது என்பதுதான் என் கட்சி. அந்த ஊர்ப்பக்கத்து இன்பங்களைக் கெடாமல் வைத்திருப்பதே அந்தச் சுற்றுவழிதான்.

முதலில் சமரியாவைப் பார்ப்போம். ஹனியாவிலிருந்து விடியற்காலையில் புறப்படும் பேருந்து ஓமலோஸ் மேட்டுநிலத்தைத் தாண்டி ஸிலோஸ்கலோவில் இறக்கிவிடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,230 மீட்டர் உயரம். பெயருக்கு ‘மரப்படி’ என்று பொருள்; இன்றும் அங்கே மரக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அங்கிருந்து தெற்குக் கடற்கரைவரை 16 கிலோமீட்டர், ஐந்திலிருந்து ஏழு மணி நேரம். உள்ளே இறங்கிவிட்டால் பாதியில் விலகிப்போக சாலை கிடையாது. முதல் சில மணி நேரம் பைன், சைப்ரஸ் மரநிழல். ஊற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போகலாம். பிறகு ஓடைப்படுகையின் உருண்டைக் கற்கள்மேல் கால் வைத்து நடக்கிற நடை. பாறைகள் இரு பக்கமும் நெருங்கி நெருங்கி, கடைசியில் ‘போர்ட்டஸ்’ என்ற வாசலில் இடைவெளி நான்கு மீட்டருக்கும் குறைந்துவிடும்; தலைக்கு மேலே சுமார் 300 மீட்டர் கற்சுவர். அந்த வாசல் மனதில் பதிவதற்கு அதன் அளவு மட்டும் காரணமில்லை. காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கிக்கொண்டே வந்த பாதை அங்கே வந்து முடிகிறது. வாசலின் எதிரிலேயே காரில் போய் இறங்குகிறவருக்குக் கிடைப்பது ஒரு புகைப்படம்தான்.

இதே மாவட்டத்தில் ஒப்பிட்டுப் பார்க்க எலாஃபோனிசி இருக்கிறது. ஹனியாவிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர். சாலை நேராகக் கடற்கரைவரை வருகிறது. முழங்காலளவுத் தண்ணீரில் நடந்தே எதிரிலுள்ள தீவுக்குப் போகலாம் என்பது அந்த இடத்தின் அழகு. மணலை ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் வெள்ளைத் துகள்களுக்கு நடுவே ரோஜா நிறப் பொடிகள் தெரியும். அவை கடலடியில் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் சிப்பித் தூளும் அரைபட்டுக் கரையொதுங்கியவை. அந்த ஒரு பிடி மணலை வீட்டுக்குக் கொண்டுபோவது இன்று தடைசெய்யப்பட்டிருக்கிறது. மணல்மேட்டைக் காக்கக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். கோடையில் குடைகளும் சாய்வு நாற்காலிகளும் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஐரோப்பியப் பாதுகாப்புப் பகுதிகளின் பட்டியலில் அந்த இடம் இருந்தும் இதுதான் நிலை. வருகிறவர்கள்மேல் பழி போட எனக்கு மனமில்லை. வழி சுலபமாகிவிட்ட பிறகு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கயிறு கட்டித்தான் ஆக வேண்டியிருக்கிறது. சமரியாவில் அந்த வேலையில் பெரும்பங்கை மலையே செய்துவிடுகிறது.

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு நியாயமானது. அப்படியானால் இது காலில் வலு உள்ளவர்களுக்கு மட்டுமான இன்பமா? முதியவர்கள், குழந்தையோடு வருகிறவர்கள், முழங்கால் வலிக்காரர்கள் என்ன செய்வது? அவர்களுக்கு வழியே இல்லையென்றால் என் வாதம் கொடுமையானதாக இருக்கும். வழி இருக்கிறது. மலையிடுக்கின் கீழ்வாயிலுள்ள அயியா ரூமேலிக்குப் படகில் வந்து இறங்கி, அங்கிருந்து மேல்நோக்கி மூன்று நான்கு கிலோமீட்டர் நடந்தால் போர்ட்டஸ் வந்துவிடும். அதுவும் முடியாதவர்களுக்கு ஹனியா நகருக்குள்ளேயே நேயா ஹோரா கடற்கரை இருக்கிறது. பழைய துறைமுகத்திலிருந்து சற்று நடந்தால் போதும், குளிக்கலாம். 1870இல் ரெயூஃப் பாஷா அமைத்த நகரப் பூங்காவும் இருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் ஊர்க்காரர்கள் காப்பிக்கும் பேச்சுக்கும் அங்கே வந்து உட்காருகிறார்கள், கோடையில் திறந்தவெளித் திரையரங்கும் உண்டு. எல்லோரும் சிரமமில்லாமல் வந்துபோகும்படி ஒரு பூங்காவை ஊர் நடுவில் வைப்பதுதான் முறை. மலையிடுக்கையும் பூங்காவாக்கப் பார்ப்பது முறையல்ல.

அடுத்த எதிர்ப்பு பிழைப்பைப் பற்றியது. சாலை வந்தால் வருமானமும் வருமே என்பார்கள். அயியா ரூமேலிக்குக் காரில் போக முடியாது. படகு, இல்லையென்றால் நடை. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் பசியோடும் கால்வலியோடும் வருகிறார்கள். மாலைப் படகுவரை அவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. சாப்பிடுகிறார்கள், கடலில் குளிக்கிறார்கள், முடியாதவர்கள் இரவும் தங்குகிறார்கள். அந்தச் சிற்றூரின் உணவகங்களும் விடுதிகளும் இந்தக் காத்திருப்பில்தான் வாழ்கின்றன. சாலை வந்துவிட்டால் பேருந்து அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

ஆனால் ஒரு கேள்விக்கு என்னால் இவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியவில்லை. இடுக்கின் நடுவில் சமரியா என்றே ஒரு கிராமம் இருந்தது. 1962இல் தேசியப் பூங்கா அமைந்தபோது அங்கிருந்த குடும்பங்களை வெளியேற்றினார்கள். இன்று கல்வீடுகள் மட்டும் நிற்கின்றன. நடப்பவர்கள் அங்கே உட்கார்ந்து ரொட்டியைப் பிரிக்கிறார்கள். அந்த வெளியேற்றத்துக்குக் காரணம் இருந்தது. ‘கிரி-கிரி’ என்ற கிரீட் காட்டு ஆடு, வேட்டையாலும் பட்டினிக் காலங்களாலும் 1960 வாக்கில் 200க்கும் குறைந்துபோயிருந்தது. பூங்காவால் அது பிழைத்தது, இப்போது இளைப்பாறும் இடத்துக்கு வந்து மனிதர்கள் பக்கத்திலேயே நிற்கிறது. ஆடு பிழைத்ததற்கு விலை கொடுத்தவர்கள் அந்த மேய்ப்பர்களும் விறகுவெட்டிகளும். சிரமம் இடத்தைக் காக்கிறது என்று நான் சொல்லும்போது, எல்லோரையும்விட அதிகச் சிரமத்தோடு அங்கே வாழ்ந்தவர்களைத்தான் இந்தக் காவல் வெளியே அனுப்பியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்களை வைத்துக்கொண்டே ஆட்டைக் காத்திருக்க முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சுற்றுவழி கொடுக்கும் இன்னொன்றும் உண்டு. கி.பி. 365 ஜூலையில் வந்த பெரும் நிலநடுக்கம் மேற்குக் கிரீட்டையே கடலிலிருந்து தூக்கி நிறுத்தியது. தென்மேற்கு மூலையில் ஏறக்குறைய 9 மீட்டர்வரை. ஃபலசர்னாவின் பண்டைய துறைமுகம் அன்றைக்கு மேலெழுந்தது, இன்று கரைமேட்டில் உலர்ந்து கிடக்கிறது. அகன்ற மணற்கரையில் காரை நிறுத்துகிறவர்களில் பலர், வடக்கே மண்பாதையில் சற்றுத் தொலைவிலுள்ள அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். படகில் வருகிறவர் கண்ணுக்கு மட்டும் இந்தக் கதை தானாகவே படும். அயியா ரூமேலியிலிருந்து சூயாவுக்குப் போகும் மாலைப் படகிலிருந்து பார்த்தால், கரைப்பாறைகளின் மேல் ஆளுயரத்தைத் தாண்டிய உயரத்தில் ஒரு கோடு பள்ளமாக அரித்து ஓடுகிறது. பழைய கடல் மட்டம் அது. மேற்கே போகப் போக அந்தக் கோடு உயர்ந்துகொண்டே போகும்.