வீட்டு நீர் வீதிக்கு வரலாமா?

குழாய்நீர் வீடுதோறும் வரத் தொடங்கிய பின்னர், நம் கிராமங்களில் பெண்கள் குடமெடுத்து நெடுந்தூரம் நடக்கும் துன்பம் பெரிதும் குறைந்திருக்கிறது. இது போற்றத்தக்க மாறுதலே. ஆயினும், வீட்டுக்குள் வரும் நீர் வீட்டை விட்டு வெளியேறியும் தீரவேண்டுமன்றோ? குளிக்குமிடத்திலிருந்தும் அடுக்களையிலிருந்தும் வழியும் நீர் வீதியில் ஓடிப் பள்ளம் கண்ட இடத்தில் தேங்குகிறது. பஞ்சாயத்துக்கு வரும் பிணக்குகளில் பல இந்தத் தேக்கத்திலேயே பிறப்பதை அங்கத்தினர்கள் நன்கறிவர்.

இதன் அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டம், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் என வரையறுத்தது. ஐவர் வாழும் வீட்டுக்கு 275 லிட்டர் ஆகிறது. இதில் ஏறத்தாழ முக்கால் பங்கு புழங்கிய நீராக வெளிவருமெனக் கொண்டால், வீடொன்றுக்குச் சுமார் 200 லிட்டர். 300 வீடுகள் உள்ள ஊரில் 60,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகள் ஐந்து, நாள்தோறும் வந்து வீதியில் நீரைக் கொட்டிச் செல்வதற்கு இது ஒப்பாகும். கோடை வந்ததும் இதே ஊரார் லாரித் தண்ணீர் வேண்டி மனுக் கொடுப்பதையும் காண்கிறோம்!

இதற்குப் பரிகாரமாக மக்கள் முதலில் கேட்பது சிமெண்டுக் கால்வாய். கால்வாய் கட்டுவது எளிது. அது எங்கே போய் முடிகிறது என்று கேட்பவர் அரியர். பெரும்பாலும் அது ஊருணியிலோ ஏரி வாயிலிலோ முடிகிறது. அவ்வாறு சேரும் நீரிலுள்ள உணவுச் சத்தையும் சோப்புச் சத்தையும் உண்டு ஆகாயத்தாமரை செழிக்கிறது, ஊருணி பாழாகிறது. கால்வாயில் மண்ணும் குப்பையும் அடைத்துக்கொண்டால் ஒரு வாரத் தேக்கமே கொசு பெருகப் போதும். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு விரும்புவது இத்தகைய அழுக்கு நீரையே. (டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல நீரில் வளர்வது, மூடாத தொட்டிகளையும் கவனித்தாக வேண்டும்.) ஆகவே, கொல்லையுள்ள வீட்டின் நீர் அக்கொல்லையிலேயே முடிய வேண்டுமென்பதே என் கருத்து.

இது புதிய உபதேசமன்று. அரிசி களைந்த நீரைக் கழுநீர்ப் பானையில் சேர்த்து மாட்டுக்கு வைப்பதும், துவைகல்லின் பின்னே வாழையும் தென்னையும் நடுவதும் நம் வீடுகளில் வழிவழியாக வந்த வழக்கங்கள். நன்கு வளர்ந்த வாழைக்குச் சொட்டுநீர்ப் பாசனத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 லிட்டர் நீர் விடுகிறார்கள். அக்கணக்கின்படி 200 லிட்டர் நீர் பன்னிரண்டு வாழைகளுக்குப் போதுமானது. வாழைக்கு இடமில்லையெனில் கல்வாழை, கறிவேப்பிலை, முருங்கை என எவற்றையும் வைக்கலாம். ஆனால் கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி போன்று நீர் நேரே படுகின்றவற்றுக்கும் பச்சையாக உண்பனவற்றுக்கும் இந்நீரை விடலாகாது. சலவைத்தூள் கரைந்த நீரை ஒரே பாத்திக்கு நாள்தோறும் விடுதலும் தவறு. அதிலுள்ள சோடிய உப்பு மண்ணை இறுக்கிவிடும். பாத்திகளை மாற்றி மாற்றி விட்டு வருவதும், மக்கிய எருவை இடுவதும் நலம்.

செடிகள் ஏற்பதற்கு மேல் நீர் மிகுந்தால் உறிஞ்சுகுழி வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டராகக் குழி தோண்டி, அடியில் பெருங்கல், இடையில் சிறுகல், மேலே செங்கல் துண்டு என நிரப்புக. இடித்த சுவரின் கல்லே இதற்குப் போதும். அடியில் துளையிட்ட பழம்பானை ஒன்றில் தேங்காய் நாரை அடைத்துக் குழியின் மேல் பதித்து, நீர் அதன் வழியாகவே இறங்குமாறு செய்க. குழியை ஓலையால் மூடி மண்ணிடலாம். பானையின் வாய்க்குத் தனியே ஒரு மூடியிட வேண்டும். பருக்கையையும் எண்ணெய்ப் பசையையும் நார் பிடித்துக்கொள்ளும். பதினைந்து நாளுக்கொரு முறை நாரை மாற்றாவிட்டால் குழி விரைவில் தூர்ந்துபோகும். நான் பார்த்த வரையில், வீணான குழிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தாலேயே வீணாயின.

குழி, கிணற்றுக்கும் கைப்பம்புக்கும் 15 மீட்டருக்குக் குறையாத தொலைவில் இருக்கட்டும். வீட்டுச் சுவரையும் ஒட்டக் கூடாது. கழிப்பறை நீரை இதில் விடவே கூடாது. களிமண்ணும் கரிசலுமான பூமியில் முதலில் ஒரு சிறு குழி தோண்டி மாலையில் நீர் நிரப்பிப் பார்க்க வேண்டும். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அங்கே உறிஞ்சுகுழி பயன்படாது, மரங்களே கதி. இடத்தைத் தெரிவு செய்யும்போது வீட்டுப் பெண்களைக் கேட்டுச் செய்தல் அவசியம். பார்வைக்கு வரும் அதிகாரியின் கண்ணில் படவேண்டுமென்று வாசலில் குழியெடுத்து, துவைகல் பின்கட்டில் கிடக்குமானால், அக்குழிக்கு ஒரு சொட்டு நீரும் வராது.

இனி, கொல்லையே இல்லாத வீடுகள் உள்ளன. இரண்டு சென்டு, மூன்று சென்டு மனைகளில் நெருங்கி வாழும் காலனி மக்களிடம் வாழை வையுங்கள் என்பது பரிகாசமாகவே முடியும். பஞ்சாயத்தின் சுகாதார நிதி முதலில் சேரவேண்டிய இடம் இதுவே. பத்துப் பன்னிரண்டு வீடுகளின் நீரை மூடிய குழாய் வழியாகக் கொண்டுவந்து, முதலில் வண்டல் படியும் தொட்டியிலும், பின்னர்ப் பெரிய பொது உறிஞ்சுகுழியிலும் விடலாம். அருகே புறம்போக்கு நிலம் இருக்குமானால் மரத்தோப்புக்கும் பாய்ச்சலாம். விசாலமான கொல்லையுடைய தெருவுக்கு முதலில் கால்வாய் கட்டிவிட்டுக் காலனிக்கு அடுத்த ஆண்டு பார்க்கலாமென்று தீர்மானம் போடும் வழக்கத்தை அங்கத்தினர்கள் கைவிட வேண்டும்.

பொதுக்குழி அமைக்குமுன், அதன் தொட்டியில் படியும் வண்டலை மாதந்தோறும் யார் அள்ளுவது, கூலி எந்தக் கணக்கிலிருந்து வருவது என்பதைக் கிராம சபையில் முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுக. கையுறையும் கால்செருப்பும் வாங்கித் தருவது பஞ்சாயத்தின் பொறுப்பு என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துக்கொள்க.