மணல் வளவில் மோட்டார் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்துவது எப்படி?

மாரி மழை விடாமல் பெய்யும் இரவு. வளவுக்குள் ‘தொம்’ என்று ஒரு சத்தம். மண்ணெண்ணெய் லாம்பை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால், பின்னேரம் நிறுத்திவிட்ட மோட்டார் சைக்கிள் ஈர மணலில் சரிந்து கிடக்கிறது. கிளச் பிடி முறிந்துவிட்டது. தாங்கியிலிருந்து பெற்றோல் கசிகிறது. பக்கத்தில் நிற்பவரின் கையிலோ எரிகிற லாம்பு!

2009 ஆம் ஆண்டுக்குப் பின்னர் மீளக் குடியமர்ந்த குடும்பங்களிலும், இன்னும் உறவினர் காணிகளில் கொட்டில் போட்டு இருக்கும் குடும்பங்களிலும் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அல்ல. பால் கொண்டுபோவதும், மரக்கறி சந்தைக்குப் போவதும், காய்ச்சல்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடுவதும் அதில்தான். பலர் அதற்கு மாதாமாதம் லீசிங் பணமும் கட்டுகிறார்கள். அது விழுந்து உடைந்தால் உடைவது குடும்பத்தின் வருமானம். அதன் பக்கத்தில் ஒரு பிள்ளை நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த விபத்தைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை. சில பலகைத் துண்டுகளும் ஒரு பின்னேர வேலையும் போதும்.

ஏன் விழுகிறது?

சாதாரண மோட்டார் சைக்கிள் ஒன்றின் நிறை ஏறத்தாழ 110 முதல் 120 கிலோ வரை இருக்கும். சைட் ஸ்ராண்டில் நிறுத்தும்போது அது இடப்பக்கம் சாய்ந்து, இரண்டு சில்லுகளிலும் ஸ்ராண்டின் நுனியிலுமாக மூன்று இடங்களில் நிற்கிறது. ரயர்கள் அகலமானவை, மணலில் அதிகம் புதையமாட்டா. ஸ்ராண்டின் நுனியோ இரண்டு விரல் அகலந்தான். மண் நனைந்து இளகியதும் நுனி கொஞ்சம் கொஞ்சமாகப் புதைகிறது. புதையப் புதையச் சாய்வு கூடுகிறது. சாய்வு கூட, நுனியில் விழும் பாரமும் கூடுகிறது. கடைசியில் வண்டி கவிழ்கிறது.

நேராக நிற்கும் உலக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளலாம். சாய்ந்துவிட்ட உலக்கையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். மோட்டார் சைக்கிளும் அப்படியே. நேராக நிமிர்ந்து நின்றால் அதைத் தாங்குவதற்குச் சிறிய பலமே போதும்.

சில்லுச் சட்டம் என்றால் என்ன?

பாடசாலைகளிலும் சங்கக்கடைகளிலும் சைக்கிள் நிறுத்துவதற்குச் சீமெந்தில் பிளவு விட்டுக் கட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். முன்சில்லைப் பிளவுக்குள் விட்டால் சைக்கிள் தானாக நிற்கும். அதே முறைதான் இங்கும். இதைக் கடைகளில் ‘வீல் சொக்’ என்பார்கள். நாம் சில்லுச் சட்டம் என்று சொல்வோம்.

கராஜ்களிலும் வண்டிகளை ஏற்றியிறக்கும் இடங்களிலும் பாவிக்கும் இரும்புச் சட்டத்தில், ஊஞ்சல்போல் ஆடும் தொட்டில் ஒன்று உண்டு. முன்சில்லை உள்ளே தள்ளும்போது தொட்டில் முன்பக்கம் சரிந்து, அதன் பின்விளிம்பு மேலே எழும்பிச் சில்லின் பிற்புறத்தைப் பிடித்துக்கொள்ளும். முன்னால் ஒரு தடை, பின்னால் ஒரு தடை, இரு பக்கமும் இரண்டு சட்டங்கள். சில்லு உருளவும் முடியாது, சரியவும் முடியாது. வண்டியின் பாரமே அதைப் பூட்டி வைக்கிறது.

ஆடும் தொட்டில் இல்லாமலே, மரத்தில் இதே வேலையைச் செய்யும் சட்டம் ஒன்றை நாமே செய்யலாம்.

செய்யும் முறை

முதலில் உங்கள் முன் ரயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 2.75 – 17 என்று இருந்தால், ரயரின் அகலம் 2¾ அங்குலம், உள்ளே இருக்கும் றிம்மின் விட்டம் 17 அங்குலம் என்பது பொருள். கீழே உள்ள அளவுகள் அப்படியான ரயருக்கு உரியவை. ரயர் பெரிதானால் இடைவெளியையும் அதற்கேற்பக் கூட்டுங்கள்.

1. குறுக்குக் கட்டைகள் மூன்று: ஒவ்வொன்றும் 30 அங்குல நீளம், 4 அங்குல அகலம், 2 அங்குலத் தடிப்பு. பனஞ்சலாகையும் நல்லது. இவற்றைத் தட்டையாக நிலத்தில் வையுங்கள். முதல் இரண்டுக்கும் இடையே 10 அங்குல இடைவெளி விடுங்கள். சில்லின் அடிப்பாகம் இந்தப் பள்ளத்துக்குள் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் இறங்கி உட்காரும். மூன்றாவது கட்டை முன்னால், நெடுக்குப் பலகைகளின் நுனிக்குக் கீழே வரவேண்டும்.

2. நெடுக்குப் பலகைகள் இரண்டு: 28 அங்குல நீளம், 4 அங்குல உயரம், 1 அங்குலத் தடிப்பு. குறுக்குக் கட்டைகளின் மேல் விளிம்பில் நிறுத்தி, இரண்டுக்கும் இடையே 3 அங்குலம் விட்டு இறுக்குங்கள். ரயர் உரசாமல் போகவேண்டும். ஆனால் அரை அங்குலத்துக்கு மேல் ஆட இடம் இருக்கக்கூடாது.

3. நிலைக்கட்டைகள் இரண்டு: 16 அங்குல உயரம், 3 அங்குல அகலம். இவற்றை அளவு பார்த்து அடிக்கவேண்டாம். இருவர் வண்டியைப் பிடித்துச் சில்லைப் பள்ளத்தில் வைத்த பின்னர், ரயரின் முற்பகுதிக்கு இரு பக்கமும் வைத்து இடத்தைக் குறியுங்கள். சில்லுக் கம்பிகளிலோ, பிரேக் தட்டிலோ, மைல்மீற்றர் கேபிளிலோ, மட்கார்ட்டிலோ மரம் படக்கூடாது. படவேண்டியது ரயர் மட்டுமே.

4. முன்தடை: இரண்டு நிலைக்கட்டைகளையும் இணைத்து, சில்லின் அச்சு உயரத்தில் ஒரு குறுக்குத் துண்டு. சில்லு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்போது ரயர் இதில் தொடவேண்டும்.

5. முட்டுக்கால்கள் இரண்டு: நிலைக்கட்டையின் மேல்நுனியிலிருந்து முன் குறுக்குக் கட்டையின் நுனிவரை சாய்வாக. இவற்றை விட்டுவிடாதீர்கள். வண்டி சரியப் பார்க்கும்போது பாரத்தைத் தாங்குவது இவைதான்.

6. பின் குறுக்குக் கட்டைக்கு முன்பாக ஆப்புப் போன்ற சரிவுத் துண்டு ஒன்று வைத்தால், சில்லு இலகுவாக ஏறும்.

ஆணியை மட்டும் நம்பாமல், நிலைக்கட்டைகளையும் முட்டுக்கால்களையும் நட் போல்ற் போட்டு இறுக்குங்கள். மணல் தரையானால் குறுக்குக் கட்டைகளின் நுனிகளில் முளை அடித்துக் கட்டுங்கள். பின்சில்லு நிற்கும் இடத்திலும் ஒரு பலகை போடுங்கள். இல்லையேல் பின்சில்லு புதைந்து வண்டி கோணலாகும்.

நிறுத்துவதும் எடுப்பதும்

எஞ்சினை நிறுத்தி, மூட்டைகளை இறக்கிய பின்னரே வண்டியைச் சட்டத்துக்குக் கொண்டுபோங்கள். இடப்பக்கம் நின்று, இரு சில்லும் சட்டத்துக்கு நேராக வரும்படி தள்ளுங்கள். முன்சில்லு பின்கட்டையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுவது கைக்குத் தெரியும். கையை எடுக்க முன்னர் இரு பக்கமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். பின்னர் கியரில் போட்டு, சைட் ஸ்ராண்டையும் இறக்கிவிடுங்கள். சட்டம் எப்போதாவது விட்டுக்கொடுத்தால் அது இரண்டாவது காவல்.

எடுக்கும்போது கியரை விடுவித்து, ஹாண்டிலையும் பின் கரியரையும் பிடித்துப் பின்னால் இழுங்கள். ஓடத் தொடங்க முன்னர் சைட் ஸ்ராண்டை மடக்க மறக்கவேண்டாம். இறங்கிய ஸ்ராண்டோடு இடப்பக்கம் திரும்பினால் அது வீதியில் முட்டி ஆளை வீழ்த்தும்.

உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றும்போது

சாமான்களோடு மோட்டார் சைக்கிளையும் ஏற்றி இடம் மாறியவர்கள் உங்களில் பலர். பெட்டிக்குள் சட்டம் மாத்திரம் போதாது. சட்டத்தைப் பெட்டியின் தளத்தோடு இறுக்குங்கள். ஹாண்டிலின் இரு பக்கத்திலிருந்தும் கீழே முன்மூலைகளுக்கு, முன் போர்க் சற்று அமரும்படி கயிறு கட்டுங்கள். பின்பக்கத்தையும் இருபுறமும் கட்டுங்கள். பெற்றோல் அடைப்பானை மூடுங்கள். ஓடும்போது எவரும் வண்டிமேல் இருக்கக்கூடாது.

சட்டம் இல்லாத இடத்தில்

வயல் வரம்பிலும் சந்தையிலும் சட்டம் இராது. சைட் ஸ்ராண்டின் கீழே ஒரு தட்டைக்கல் அல்லது உள்ளங்கை அளவு பலகை வையுங்கள். ஆசனத்தின் கீழ் ஒரு பலகைத் துண்டு எப்போதும் இருக்கட்டும். சரிவில் மேட்டைப் பார்த்து, முதலாம் கியரில் நிறுத்துங்கள். இரு பக்கமும் பால் கான் தொங்கினால் முதலில் வலப்பக்கத்தை இறக்குங்கள். இடப்பக்கத்தை முதலில் இறக்கினால், வலப்பக்கப் பாரம் வண்டியை மறுபக்கம் கவிழ்த்துவிடும்.

விழுந்துவிட்டால்

லாம்பையும் நெருப்பையும் தூர வையுங்கள். டோர்ச் வெளிச்சம் போதும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. அது நிலத்தோடு தவழ்ந்து அடுப்படிவரை போகும். திறப்பைத் திருப்பி நிறுத்தி, அடைப்பானை மூடுங்கள். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால், தூக்க முன்னர் சைட் ஸ்ராண்டை வெளியே எடுத்துவிடுங்கள். முதுகை ஆசனத்தோடு வைத்துக் குந்தியிருந்து, ஒரு கையால் ஹாண்டிலையும் மறுகையால் சட்டத்தையோ கரியரையோ பிடித்து, காலால் உன்னிப் பின்னோக்கி நடந்து நிமிர்த்துங்கள். குனிந்து இழுத்தால் இடுப்புப் போய்விடும். சிந்திய பெற்றோல் காயும்வரை ஸ்ரார்ட் பண்ணவேண்டாம்.

எங்கே வைப்பது?

அடுப்படிக்கும் பிள்ளைகள் படுக்கும் பக்கத்துக்கும் தள்ளி, கூரை நிழலில் வையுங்கள். சட்டம் வண்டியைப் பிடிக்கும். பிள்ளைகள் ஏறி விளையாடுவதைத் தாங்கச் செய்ததல்ல. சுடும் சைலன்சர் சிறு கால்களைப் பொசுக்கும் என்பதையும் மறக்கவேண்டாம். மாதம் ஒருமுறை சட்டத்தைப் புரட்டி, கறையான் பிடித்திருக்கிறதா, நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். உக்கிய கட்டையை உடனே மாற்றுங்கள்.

ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே அளவு தேடி அலையவேண்டியதில்லை. தச்சுவேலை தெரிந்த ஒருவரைக்கொண்டு கிராம அபிவிருத்திச் சங்கம் ஒரு மாதிரிச் சட்டம் செய்து பொதுநோக்கு மண்டபத்தில் வைக்கலாம். பார்த்து அளவெடுத்து மற்றவர்கள் செய்துகொள்வார்கள். அடுத்த மாரி தொடங்க முன்னர் இதைச் செய்து முடித்தால், மழை இரவுகளில் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.