தூரத்தை அளப்பது தண்ணீர்

வறண்ட நிலத்தில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்ட இரும்புக் கால்கள் வேண்டும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அங்கே ஒரு நாளின் தூரத்தை முடிவுசெய்வது கால் அல்ல, தண்ணீர். ஆஸ்திரேலியாவின் நல்லார்பார் சாலையில் பலடோனியா விடுதியை விட்டால் அடுத்தது கய்குனா. இடைவெளி சுமார் 180 கிலோமீட்டர்; அதில் 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. மணிக்கு 20 கிலோமீட்டர் போனால் ஒன்பது மணி நேரம். கடும் வெயிலில் உழைக்கும் உடல் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்கக்கூடும். எதிர்க்காற்று வேகத்தைப் பாதியாக்கினால் அதே தூரம் இரண்டு நாளாகும், தண்ணீர்த் தேவையும் ஏறக்குறைய இரட்டிக்கும். அதனால்தான் காற்று எழுமுன் விடியலிலேயே கிளம்புவது நல்லது.

கூடுதலாகச் சுமந்தால் போயிற்று என்பார்கள். சரிதான், சமதரையில் எடையைவிடக் காற்றே பெரிய எதிரி. ஆனால் லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் பின்சக்கரக் கம்பிகளில் ஏறும் பாரம் அவற்றை முறிக்கலாம். உப்பில்லாமல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. வழியில் லாரிகள் வருமே என்று கேட்கலாம். வரும், ஓட்டுநர்கள் உதவவும் செய்வார்கள். அது அவசரத்துக்கான துணை. அதை நம்பித் திட்டம் போடுவது தவறு. 1896-இல் ஆர்தர் ரிச்சர்ட்சன் சிறு மூட்டையும் ஒரு தண்ணீர்ப் பையுமாக கூல்கார்டியிலிருந்து அடிலெய்டுக்கு இதே நல்லார்பார் வழியாக 31 நாளில் சைக்கிளில் போனாரே என்பது வலுவான மறுப்பு. அவர் துணிவு வியக்கத்தக்கது. ஆனால் அவர் பின்பற்றியது தந்திக் கம்பி சென்ற வழியை. அதன் நிலையங்களில் ஆட்கள் வசித்தார்கள்.