"சார், ஒரு நிமிஷம்!" - திறமைசாலிகள் சறுக்குவது எங்கே? விமானி அறை சொல்லும் பதில்

1977, மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் இருக்கும் டெனெரிஃப் விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் இந்தச் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. மணிக்கணக்கில் காத்திருந்த பிறகு, ஒருவழியாக ஓடுபாதையின் முனைக்கு வந்து நின்றது கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747. அதே ஓடுபாதையில், பனிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் எதிரே நகர்ந்து வந்துகொண்டிருந்தது பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747.

கேஎல்எம் கேப்டன் இன்ஜின் வேகத்தைக் கூட்டினார். இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி நினைவூட்டினார். தனக்கும் தெரியும், கேட்டு வாங்கு என்றார் கேப்டன். பறந்த பிறகு எந்த வழியில் போக வேண்டும் என்பதற்கான அனுமதிதான் வந்தது. புறப்படுவதற்கான அனுமதி வரவில்லை. ஆனாலும் கேப்டன் மறுபடி வேகத்தைக் கூட்டினார். முதல் முறை தடுத்த துணை விமானி, இந்த முறை தடுக்கவில்லை. பின் இருக்கையில் இருந்த ஃப்ளைட் இன்ஜினீயருக்கு மட்டும் ஒரு சந்தேகம். அந்த பான் ஆம் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. அதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை.

583 பேர் இறந்துபோனார்கள். விமான விபத்துகளின் வரலாற்றில் இன்றுவரை இதுதான் மிகப் பெரிய உயிரிழப்பு.

அந்த கேப்டன் கத்துக்குட்டி அல்ல. 747 விமானங்களை ஓட்ட மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். கேஎல்எம் விளம்பரத்தில் இடம்பெற்றது அவருடைய படம்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானிக்கு, இரண்டு மாதங்களுக்கு முன்பு 747 ஓட்டத் தகுதி இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தவரும் அவரேதான். அப்படிப்பட்டவரிடம் இரண்டாவது முறையும் 'நிறுத்துங்கள்' என்று சொல்ல யாருக்குத்தான் நாக்கு எழும்?

பூசி மெழுகிய எச்சரிக்கை

அடுத்த ஆண்டே இன்னொரு விபத்து. 1978, டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரில் இறங்க வேண்டிய யுனைடெட் நிறுவன விமானத்தில், சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டதா என்பதில் சந்தேகம் வந்தது. கேப்டன் விமானத்தை வானத்திலேயே வட்டமிடவிட்டு, பயணிகளை அவசரத் தரையிறக்கத்துக்குத் தயார்படுத்தினார். பொறுப்பான மனிதர்தான். ஆனால், ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுற்றியதில் எரிபொருள் தீர்ந்துகொண்டே வந்தது. உடன் இருந்தவர்கள் அதைச் சொல்லாமல் இல்லை, சொன்னார்கள். ஏதோ தகவல் தெரிவிப்பதுபோலச் சொன்னார்கள். 'இப்போதே இறங்காவிட்டால் விழுந்துவிடுவோம்' என்று யாரும் சொல்லவில்லை. விமான நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் முன்பே இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன. விமானத்தில் இருந்த 189 பேரில் 10 பேர் பலியானார்கள்.

விபத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இரண்டு பரிந்துரைகளைச் சேர்த்தே வைத்தது. கேப்டன்கள் எல்லோரையும் கலந்து முடிவெடுக்கப் பழக வேண்டும். மற்றவர்கள் தங்கள் கவலையைத் தயங்காமல் அழுத்திச் சொல்லப் பழக வேண்டும்.

1979-ல் நாசா இதற்காகவே ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981-ல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்குப் பயிற்சியைத் தொடங்கியது. பழைய கேப்டன்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. நளினம் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் என்று கிண்டலடித்தார்கள். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவரை உட்காரவைத்து, 'அடுத்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்' என்றால் கோபம் வரத்தானே செய்யும்! உளவியலாளர்கள் சலோவேயும் மேயரும் உணர்வுசார் நுண்ணறிவு பற்றிய தங்கள் கட்டுரையை வெளியிட்டது 1990-ல்தான். டேனியல் கோல்மனின் புத்தகம் அதை உலகமெங்கும் கொண்டுபோனது 1995-ல். பெயர் பிரபலமாகும் முன்பே, வேறொரு பெயரில் விமானி அறைக்குள் பாடம் தொடங்கிவிட்டது.

44 நிமிடங்கள்

அந்தப் பாடம் பலித்த நாள், 1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோ போய்க்கொண்டிருந்த யுனைடெட் விமானத்தின் வால்பகுதி இன்ஜின் வெடித்துச் சிதறியது. திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் ஹைட்ராலிக் அமைப்புகள் மூன்றுமே செயலிழந்தன. அப்படி ஒரு நிலைமைக்கு எந்தக் கையேட்டிலும் வழி இல்லை.

கேப்டன் அல் ஹெய்ன்ஸ், எல்லாம் தனக்குத் தெரிந்ததுபோல நடிக்கவில்லை. பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி அளிப்பவரான டென்னிஸ் ஃபிட்ச் உதவட்டுமா என்று சொல்லியனுப்பியதும், உடனே விமானி அறைக்குள் அழைத்துக்கொண்டார். மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானத்தைத் திருப்பும் வேலையை அவரிடம் ஒப்படைத்தார். நான்கு பேரும் யோசனைகளைப் பரிமாறிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் கேலிப்பேச்சும் உண்டு. எந்த ஓடுபாதையில் வேண்டுமானாலும் இறங்கலாம் என்று தரையிலிருந்து சொன்னபோது, ஓடுபாதையில்தான் இறங்கியாக வேண்டுமா என்று சிரித்தபடி கேட்டார் ஹெய்ன்ஸ். பயம் இல்லாததால் வந்த சிரிப்பு அல்ல அது. அறையில் இருந்த மற்றவர்களின் கைநடுக்கத்தைக் குறைத்த சிரிப்பு.

44 நிமிடப் போராட்டத்துக்குப் பிறகு, சூ சிட்டி விமான நிலையத்தில் விமானம் தரையில் மோதிச் சிதறியது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். யாருமே பிழைத்திருக்க முடியாத விபத்து என்று கருதப்பட்ட ஒன்றில் 184 பேர்! பின்னாளில் மேடைகளில் பேசியபோதெல்லாம் அந்தப் பயிற்சியையும் உடன் இருந்தவர்களையும்தான் முன்னிறுத்தினார் ஹெய்ன்ஸ்.

பயிற்சி வந்துவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடுமா? 2010, மே 22 அன்று மங்களூருவில் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். தரையிறங்காமல் மேலே எழும்பி மறுபடி சுற்றி வரலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியிருந்தார் என்கிறது விசாரணை அறிக்கை. பயணத்தின் பெரும்பகுதி தூங்கிவிட்டு எழுந்த கேப்டன், அதைக் கேட்காமல் இறங்கினார். இங்கே சின்னவர் பேசினார். கேட்க வேண்டியவர்தான் கேட்கவில்லை.

'ஓகே சார்' அலுவலகங்கள்

நம் அலுவலகங்களில் யாரும் விமானம் ஓட்டுவதில்லைதான். ஆனால், 'பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே' என்று வீட்டிலும் பள்ளியிலும் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இங்கே மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருக்கிறார்கள். கொட்டேஷனில் லாரி வாடகை விட்டுப்போனது ஜூனியருக்குத் தெரியும். 'சார்... ஒருவேளை... இன்னொரு தடவை பார்த்துடலாமா?' என்று இழுப்பார். 'அதெல்லாம் பார்த்தாச்சு, அனுப்பு' என்று பதில் வரும். அனுப்பிவிடுவார். நஷ்டம் வந்த பிறகு, 'எனக்கு அப்பவே தெரியும்' என்று கேன்டீனில் சொல்வார்.

விமானிகளுக்குச் சொல்லித்தரும் முறையில் இதை எப்படிச் சொல்வது? முதலில் பெயரோ 'சாரோ' சொல்லி அழைக்க வேண்டும். பிறகு கவலை, அடுத்து பிரச்னை, அதற்குத் தீர்வு, கடைசியில் சம்மதம். 'சார், ஒரு நிமிஷம். இந்த கொட்டேஷன் எனக்குக் கவலையா இருக்கு. லாரி வாடகை சேரலை. பத்து நிமிஷத்துல சேர்த்து அனுப்பிடறேன். சரியா சார்?' மரியாதை ஒரு துளிகூடக் குறையவில்லை. விஷயமும் மறையவில்லை.

உணர்வுசார் நுண்ணறிவு என்றதும், எப்போதும் சிரித்த முகம், யாரையும் பகைக்காத பேச்சு என்று நினைத்துக்கொள்கிறோம். பெண் ஊழியர்களிடம் 'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா' என்று அறிவுரை சொல்பவர்கள்கூட இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார்கள். அது சுத்தப் பித்தலாட்டம்! டெனெரிஃபில் அந்த அறையில் எல்லோரும் அனுசரித்துத்தான் போனார்கள்.

மருத்துவமனைகள் இந்தப் பாடத்தைக் கொஞ்சம் தாமதமாகக் கற்றுக்கொண்டன. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் சர்ஜன் முதல் நர்ஸ் வரை எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதும் ஒரு படி. ஒரு முறை பெயர் சொல்லிப் பேசிவிட்டவர், தவறைப் பார்த்தால் மறுபடி பேசுவார் என்பதுதான் காரணம். டெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மரணங்கள் 1.5 சதவிகிதத்திலிருந்து 0.8 சதவிகிதமாகக் குறைந்தன. சரிபார்ப்புக்கும் அதில் பங்கு உண்டு, பேச்சுக்கும் உண்டு.

ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது ஒரு விசித்திரத்தைக் கண்டார். நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்து கொடுப்பதில் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன! அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை. பயமில்லாமல் ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே, மேலே இருப்பவர்கள் மாற்ற வேண்டியது தாங்கள் கேட்கும் கேள்வியை. 'எல்லாம் ஓகேதானே?' என்று மேனேஜர் கேட்டால் 'ஓகே சார்' என்பதைத் தவிர வேறு பதில் வராது. பல கேப்டன்கள் இன்று புறப்படும் முன்பே, 'நான் எதையாவது தவறவிட்டால் உடனே சொல்லுங்கள்' என்று உடன் இருப்பவரிடம் சொல்லிவிடுகிறார்கள். திங்கட்கிழமை மீட்டிங்கில், 'இதுல நான் எதை கவனிக்காம விட்டிருக்கேன்?' என்று கேட்டுவிட்டு, குழுவிலேயே புதிதாகச் சேர்ந்தவரை முதலில் பேசச் சொல்லிப் பார்க்கலாம். முதல் சில வாரங்கள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திறக்கும் முதல் ஆளுக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதைத்தான் மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.