ஈரத்திலும் ஒட்டும் பசை!

"டாக்டர், உடைஞ்ச பொம்மையை ஒட்டற மாதிரி எலும்பையும் ஒட்ட முடியாதா?" வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிய மாமியாரை அழைத்து வந்த பெண்மணி கேட்டார்.

நல்ல கேள்விதான். ஆனால் ஈரத்தில் சாதாரணப் பசை சரியாகப் பிடிக்காது. உடம்புக்குள்ளோ ரத்தமும் நீரும்தான்! இந்தச் சிக்கலை ஒரு கடல்புழு எப்போதோ தீர்த்துவிட்டது.

அமெரிக்காவின் கலிபோர்னியா கடலோரப் பாறைகளில் வாழும் 'மணற்கோட்டைப் புழு' அது. அலையில் வரும் மணலையும் சிப்பித் துகளையும் பிடித்து, ஒவ்வொன்றிலும் பசைப் பொட்டு வைத்து, தனக்கொரு குழாய் வீடு கட்டிக்கொள்கிறது. பசை தண்ணீருக்குள்ளேயே சுமார் 30 விநாடியில் பிடித்துக்கொள்ளும். எப்படி? புழுவின் உடலில் அமிலத்தன்மையோடு இருக்கும் புரதப் பசை, காரத்தன்மையுள்ள கடல்நீரைத் தொட்டதும் கெட்டியாகிறது.

யூட்டா பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் ஸ்டூவர்ட் குழுவினர், இதே பாணியில் செயற்கைப் பசை தயாரித்து, ஈரமான எலும்புத் துண்டுகளை ஒட்டிப் பார்த்து, 2009ல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்க்ரூ போட முடியாத சின்னச் சில்லுகளை ஒட்டவைப்பதே நோக்கம்.

பசை இருக்கட்டும். நம் முட்டை வெள்ளைக்கரு, உளுந்துமாவுக் கட்டு எலும்பை அசையாமல் பிடிக்கும். மூட்டுக்குள் நொறுங்கிய சில்லைச் சேர்க்காது. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: முதல்ல எக்ஸ்ரே, அப்புறம்தான் கட்டு! அந்த அம்மாவுக்கும் எக்ஸ்ரேயில் சில்லுகள் தெரிந்தன. அன்றே எலும்பு சர்ஜனிடம் அனுப்பினேன். இப்போது பழையபடி தோசைக் கரண்டி பிடிக்கிறார்!