செத்த பசுவுக்குப் பணம் உண்டு, வயிற்றில் இருந்த கன்றுக்கு?

2024 பிப்ரவரி 26. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில வடகோடியில், ஸ்டின்னெட் என்ற சிற்றூர் அருகே பற்றிய தீ, பேய்க்காற்றில் பரவி 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்துப்போட்டது. 'ஸ்மோக்ஹவுஸ் க்ரீக்' என்று பெயரிடப்பட்ட அந்தத் தீயைவிடப் பெரிய காட்டுத்தீயை டெக்சாஸ் கண்டதில்லை. இருவர் பலியானார்கள். அந்த வட்டாரத் தீயில் 7,000க்கும் அதிகமான மாடுகள் மாண்டன. பெரும் அடி வாங்கிய கவுன்ட்டிகளில் (மாவட்டங்களில்) ஒன்று ஹெம்ப்ஹில். அங்கே மக்கள்தொகையே மூவாயிரத்துச் சொச்சம்தான்.

இப்படிப்பட்ட ஊருக்கு நிவாரணப் பணம் வேளாண் துறையின் 'பண்ணைச் சேவை முகமை' வழியாக வருகிறது. நாடு முழுக்க இதற்குக் கவுன்ட்டி அளவில் அலுவலகங்கள் இருக்கின்றன. கூடவே, உள்ளூர் விவசாயிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழுவும் உண்டு. விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதில் அந்தக் குழுவுக்கும் பங்கு இருக்கிறது. நிலவரம் தெரிந்தவர்களே உட்கார்ந்து பார்ப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் விதி வாஷிங்டனில் எழுதப்படுவது. அதை அவர்களால் மாற்ற முடியாது.

இறந்த மாடுகளுக்கான திட்டம், சராசரிச் சந்தை மதிப்பில் 75 விழுக்காடு தருகிறது. எந்த மந்தையிலும் ஆண்டுதோறும் சில மாடுகள் சாகும். அந்த வழக்கமான எண்ணிக்கையைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் பணம். இழப்புக்கு ஆதாரமும் காட்ட வேண்டும். அதனால் புகை அடங்காத நிலத்தில் பண்ணைக்காரர் செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று, கருகிக் கிடக்கும் மாடுகளை எண்ணுவது, புதைப்பதற்கு முன் படம் எடுப்பது. உயிர் தப்பியவற்றின் கதி அதைவிடக் கொடுமை. மடி வெந்த பசு கன்றை அண்டவிடாது. குளம்பு வெந்தது எழுந்து நடக்காது. தாமே வளர்த்த மாடுகளைத் தாமே சுட்டுக் கொல்ல நேர்ந்தவர்கள் உண்டு.

மேய்ச்சல் நிலத்துக்கு வேறு கணக்கு; அதற்குத் தனியாக ஒரு தீவனத் திட்டம் இருக்கிறது. வறட்சி என்றால் வாரந்தோறும் வெளியாகும் வறட்சி வரைபடத்தில் கவுன்ட்டியின் நிறத்தைப் பார்த்தே தகுதி முடிவாகிவிடும். தீ என்றால் அந்தத் தீவனத் திட்டம் கூட்டரசு நிலத்தில் மேய்ப்பவர்களுக்கு மட்டும்தான். டெக்சாஸிலோ பெரும்பாலும் தனியார் நிலம். எனவே வேறொரு அவசர உதவித் திட்டத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. கம்பி வேலிக்கு இன்னொரு திட்டம்: செலவில் 75 விழுக்காடு வரை அரசு ஏற்கும், 25 விழுக்காடு வரை முன்பணமும் கிடைக்கும். மீதியைக் கைக்காசில் போட வேண்டும். மாடே இல்லாதவரிடம் கைக்காசு ஏது?

எல்லாவற்றையும்விட மனத்தை உறுத்துவது, படிவத்தில் இடமே இல்லாமல் போன ஓர் இழப்பு. பிப்ரவரி, மார்ச் அங்கே கன்று ஈனும் காலம். செத்தவற்றில் ஏராளமானவை நிறைசினைப் பசுக்கள். பசுவுக்கு இழப்பீடு உண்டு. நாளையோ மறுநாளோ பிறந்து, அடுத்த ஆண்டு வருமானமாகியிருக்க வேண்டிய கன்றுக்கு அப்போது ஒரு டாலர்கூட இல்லை. பிறந்து ஒரு நாள் ஆகியிருந்தால் அதே கன்று கணக்கில் ஏறியிருக்கும். மாடு வளர்ப்பவர் எவரும் இதை நியாயம் என்று ஒப்பமாட்டார்.

2025 ஜூலையில் நிறைவேறிய பெரிய வரி-செலவுச் சட்டத்தில் இந்த ஓட்டை அடைபட்டது. சினையாக இருந்தபோது இறந்த கால்நடைக்குக் கூடுதல் தொகை உண்டு; மிகக் குறைந்த எடைப் பிரிவுக்கான இழப்பீட்டில் 85 விழுக்காடு வரை அதன் விகிதம். 2024 ஜனவரி 1 முதல் நேர்ந்த இழப்புகளுக்கு முன்தேதியிட்டு இது பொருந்தும் என்பதால் ஹெம்ப்ஹில் பண்ணைக்காரர்களுக்கும் அதைக் கேட்க வழி பிறந்தது.

2017 மார்ச்சில் இதே வட்டாரத்திலும் கன்சாஸிலும் பெருந்தீ மூண்டது. அதுவும் கன்று ஈனும் காலத்தில்தான். அப்போது சினைப்பசுக்களைப் பறிகொடுத்தவர்களுக்கு இந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை.